வாசிப்புக் கருவியும் பாதிரியார் கொலையும்

"பாதிரியார் கதவைத் திறந்தார். உள்ளே..."

அத்தோடு திரை அணைந்துவிட்டது.

லைசன் மக்வின்ஜா கருவியைத் தட்டினார், உலுக்கினார், சட்டையில் துடைத்தார். சோம்பா நகர ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டே அவரைப் பார்த்தது.

"உள்ளே என்னங்க?" என்றாள் அவர் மனைவி டோரிகா. சர்க்கரை நோய் அவள் கண்களைத் தின்று முடித்து, இப்போது சிறுநீரகத்தில் கைவைத்திருந்தது.

"அணைஞ்சு போச்சு."

"கதையா?"

"மெஷின்."

டோரிகாவுக்குத் துப்பறியும் கதை இல்லாமல் ஒரு வாய் உள்ளே இறங்காது. வீட்டில் சுவர் முழுக்க அவளுடைய புத்தகங்கள்தான். அவற்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, தூசி, கரையான் என்று தலைமை நர்ஸ் விரட்டினாள். பிளான்டயரிலிருந்து மகள் இந்தக் கருவியை அனுப்பி, "ஒரு நூலகமே இதுக்குள்ள இருக்குப்பா, படிச்சுக் காட்டுங்க" என்றாள். அதை நம்பி லைசன் அத்தனை புத்தகத்தையும் சர்ச்சுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் தராசைத் தவிர வேறெதையும் பற்றி அதிகம் பேசியதில்லை. வீட்டில் "உப்பு கம்மி" என்று சொன்னாலே அன்று நிறையப் பேசிவிட்டதாக அர்த்தம்.

"அப்போ உள்ளே என்ன இருந்துச்சுன்னு தெரியாமலே நான் செத்துப் போகணுமா?" என்றாள் டோரிகா.

"நானும்தான்," என்றாள் பக்கத்துக் கட்டில் எஃப்ரிடா. இடுப்பு உடைந்து, ஒரு கால் கயிற்றில் தொங்கக் கிடந்தவள்.

லைசனுக்கு வியர்த்தது. "உள்ளே... ஒரு தராசு இருந்துச்சு."

"தராசா?"

"முத்திரை குத்தாத தராசு."

வார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்பவனிடம் ஓடினார். அவன் கட்டைவிரலால் எங்கேயோ அழுத்தினான். திரை பளிச்சென்று எரிந்தது. "ஒரு கோளாறும் இல்லையே, ஐயா!"

கருவியை டோரிகாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு, கஞ்சி காய்ச்ச, நோயாளிகளின் வீட்டார் சமைக்கும் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தால் மறுபடியும் இருட்டு. அடுத்த நாளும் அதே கதை.

"உங்க மெஷினுக்கு ஆஸ்பத்திரிக் காத்து ஒத்துக்கல போல," என்று ரிப்பேர்காரன் சிரித்தான்.

வேறு வழியில்லை. லைசன் தானாகவே கதையை ஓட்டினார். ஓட்டத் தெரியாமல் ஓட்டி, ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு, பாதிரியாரைக் கொன்றுவிட்டார்.

வார்டு அழுதது. மூலைக் கட்டில் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. தலைமை நர்ஸ் விறுவிறுவென்று வந்தாள்.

"இங்க பாதிரியாரைக் கொன்னது யாரு?"

"அது இன்னும் தெரியல, சிஸ்டர்," என்றாள் எஃப்ரிடா.

"நாளைக்குள்ள அவர் உயிரோட வரணும். இல்லேன்னா நீங்க உள்ளே வரக்கூடாது!"

லைசன் பாதிரியாருக்கு ஓர் இரட்டைத் தம்பியை வரவழைத்தார். தம்பி வந்த வேகத்தில் கதையில் வரும் விடுதிக்காரியைக் காதலித்துத் தொலைத்தான். நோயாளிகளுக்காக ஜெபம் செய்ய வந்த சர்ச்சுப் பெண்கள் அதைக் கேட்டு முகம் சிவந்து, ஜெபத்தைப் பாதியில் விட்டுப் போனார்கள்.

இனித் தாங்காது என்று லைசன் சர்ச்சுக்கே போய், கொடுத்த குவியலைக் கிளறி, அந்தக் கதையின் அச்சுப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். நர்ஸுக்குத் தெரியாமல் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்து, நிம்மதியாக வாசிக்க ஆரம்பித்தார். "உள்ளே ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது..."

"என்ன பூனை?" எஃப்ரிடா கத்தினாள். "தராசு எங்கே?"

"புத்தகத்துல தராசு இல்லம்மா."

"தம்பி?"

"தம்பியும் இல்ல. பாதிரியார் சாகவும் இல்ல."

"சாகலையா? நாங்க ரெண்டு நாளா அழுதோமே!" என்றது மூலைக் கட்டில்.

டோரிகா கையை நீட்டிப் புத்தகத்தைத் தடவிக் கண்டுபிடித்து மூடினாள். "எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியல. நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு இரைத்தது. வீங்கிய முகத்தில் சிரிப்பு மட்டும் குறையவில்லை. சாயங்காலம் நர்ஸ் அவரை வெளியேற்றும்போது, "கொன்னது யாருன்னு நாளைக்குக் கட்டாயம் சொல்லிடணும்," என்றாள் டோரிகா.

மறுநாள் மினிபஸ்ஸில் அவர் கதையை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். கொலைகாரன் கிடைத்துவிட்டான்: எடைக்கல்லின் அடியைக் குடைந்து ஈயத்தை எடுத்த மளிகைக்காரன். எல்லா முடிச்சும் அவிழ்ந்தது. ஆஸ்பத்திரிப் படியை வாலிபனைப் போல ஏறினார்.

டோரிகாவின் கட்டிலில் விரிப்பு இல்லை. மெத்தையை மடித்து வைத்திருந்தார்கள்.

"விடியற்காலையில, ஐயா," என்றாள் தலைமை நர்ஸ். அன்று அவள் குரலில் அதட்டல் இல்லை.

லைசன் நின்றார். மளிகைக்காரனின் பெயர் நாக்கிலேயே இருந்தது. யாரிடமும் அதைச் சொல்ல முடியவில்லை.

எஃப்ரிடா தன் தலையணைக்கு அருகிலிருந்த டோரிகாவின் மூட்டையை நகர்த்திக் கொடுத்தாள். இடுப்பில் சுற்றிக் கட்டும் ஒரு சித்தெஞ்சே துணி, ஒரு குவளை, அந்தக் கருவி. அவர் எடுத்ததும் திரை எரிந்தது. சார்ஜ் முழுசாக இருந்தது.

"இப்போ எரியுது பாரு, சனியன்!" லைசனின் குரல் உடைந்தது. "அவ இருந்த வரைக்கும் ஒரு நாளாவது வேலை செஞ்சுதா?"

எஃப்ரிடா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் நாள் மட்டும்தான், ஐயா, அது தானா அணைஞ்சது. அப்புறமெல்லாம் அவ எடுத்து நீட்டுவா, நான்தான் அணைப்பேன். 'அது எரிஞ்சா இந்த மனுஷன் படிப்பாரு. அணைஞ்சாத்தான் பேசுவாரு'ன்னு டோரிகாதான் சொல்லுவா."