ஆளைக் காட்டச் சொன்னார்கள், அவர் ஆ காட்டினார்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா முழுவதும் வாயை மூடிக்கொண்டுதான் உயிர் பிழைத்தது. வாயைத் திறந்தே பிழைத்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் காஜா பெராங் தெருமுனையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ஆக்காட்டி.

பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவாக இருக்காது. உண்மைப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்டுவிட்டால் போச்சு. "எதுக்குக் கேக்குறே? யாரு கேக்கச் சொன்னா?" என்று நம்மையே விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

சண்டைக்கு முந்தி அவருடைய இடது கன்னத்துக்குள் ஒரு கட்டி வந்தது. இன்றைக்குக் கேன்சர் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கு நாங்கள் 'கெட்ட கட்டி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். புகையிலையை வருஷக்கணக்கில் அந்தக் கன்னத்திலேயே அடக்கி வைத்திருந்த பலன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் அதை அறுத்தெடுத்துத் தைத்துவிட்டார். வாயோரத்தில் தொடங்கிக் காதுவரைக்கும் தழும்பு. வீட்டுக்கு அனுப்பும்போது, "இது திரும்பி வந்தாலும் வரும். அப்பப்ப வந்து வாயைக் காட்டிட்டுப் போ" என்று அவர் சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தைதான் பிறகு எங்கள் தெருவையே படாதபாடு படுத்தியது.

போய்க் காட்டிக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். டாக்டரைப் பிடித்து உள்ளே போட்டான். ஊரெல்லாம் அரிசி இல்லை, உப்பு இல்லை என்று மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு அழுதது. ஆக்காட்டியின் அழுகை வேறு.

"இவனுங்க சண்டை போட்டுக்கிறானுங்க சரி, என் கன்னத்தை யாரு பாக்குறது?"

யார் பார்ப்பது? நாங்கள்தான் பார்த்தோம்! காலையில் வெயில் ஏறியதும் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கிழக்கே முகத்தைத் திருப்பி, விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, "ஆ..." என்று காட்டுவார். வெள்ளையாகப் படை இருக்கிறதா, சிவந்திருக்கிறதா, தையல் பக்கம் தடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த பிறகு காலைச் சாப்பாடு இறங்குமா? அப்போது சாப்பாடே கிடையாது என்பதால் பிழைத்தோம்.

அவர் வாயை மட்டும் காட்டினால் பரவாயில்லையே. கடைக்கு வருகிறவன் வாயையும் பார்ப்பார். "புகையிலையா? மொதல்ல ஆ காட்டு" என்பார். வாய் சரியில்லை என்று பட்டால் வெற்றிலையைக் கொடுக்காமல் விரட்டிவிடுவார். தன் கடைக்குத் தானே ஆள் வராமல் செய்துகொண்ட வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பார்த்துச் சொன்னாலாவது நம்புவாரா என்றால், அதுவும் கிடையாது. "ஒன்னுமில்லே அண்ணே" என்றால், "நீ எதையோ மறைக்கிறே தங்கச்சி, உன் முகமே சரியில்லை" என்பார். என் வீட்டுக்காரர் ஒரு நாள் வெறுத்துப்போய், "லேசா செவந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். "ஓகோ, நான் செத்தா கடை உனக்குன்னு பாக்குறியா?" என்று ஒரு வாரம் எங்களோடு பேச்சே இல்லை.

எதிர்வீட்டில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பிலிருந்து வந்த, பல தலைமுறையாக மலாய் மண்ணிலேயே ஊறிப்போன மலாக்கா செட்டிக்காரர் ஒருவர் குடியிருந்தார். நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு, வாயில் மலாய்தான், தமிழ் வராது. அவர் பொறுமையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "தக் அடா அப்பா அப்பா" என்பார். மலாயில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஆக்காட்டிக்கு மலாய் நன்றாகவே தெரியும். இருந்தாலும் நேராக என்னிடம் வந்து நிற்பார்.

"ஒன்னுமில்லேன்னா ஒரு அப்பா போதாதா? எதுக்கு ரெண்டு தடவை அப்பா அப்பாங்கிறான்? உள்ள எதையோ பாத்துப் பயந்துட்டான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் தம்பி வந்து சேர்ந்தான். சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவன் எவனும் திரும்பவில்லை. இவன் லாரியிலிருந்து குதித்து, காட்டு வழியாக நடந்து, காலெல்லாம் புண்ணாக வந்தான். அவனை அடுப்படி மேல் பரணில் ஏற்றி, முன்னால் விறகை அடுக்கி வைத்தேன். என் கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். அவனைப் பிடித்துக்கொண்டு போனால் நான் என்ன ஆவேன்? அன்றிலிருந்து வாசலில் காக்கை கத்தினால்கூட யார் அனுப்பிய காக்கை என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை வாசலில் சத்தம். என் வீட்டுக்காரர் உள்ளே பார்த்து, "ஆக்காட்டி வந்துருக்காரு!" என்று குரல் கொடுத்தார். பரணில் விறகு சரிந்தது. தம்பி வெளுத்துப்போய் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, ஆள்காட்டியை வீட்டுக்கே கூப்பிடுறீங்களா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். முகமூடி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களில் ஒருவனைத் தலையாட்டிக் காட்டிக்கொடுப்பானே, அந்த ஆள்காட்டிக்கு அன்று நாடே நடுங்கியது. "ஆள் காட்டுறவர் இல்லேடா, ஆ காட்டுறவர்" என்று விளக்கினேன். தம்பி நம்பவில்லை. "வீடு வீடாப் போயி வாயைத் திறந்து காட்டுறானா? எவனாச்சும் அப்படிச் செய்வானா? வீட்டுல யாரு இருக்கான்னு பாக்க வர்றான்க்கா." கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நான் பிறவிச் சந்தேகக்காரி, யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வாரமே எதிர்வீட்டுக்காரர் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டு வந்தார். ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருந்த பெரிய பங்களாவுக்குள் ஆக்காட்டி தானாக நடந்து போயிருக்கிறார். உள்ளே போனவன் நடந்து வெளியே வராத இடம் அது. இவர் நடந்து வந்தார். அதோடு விட்டதா? ஒரு ஜப்பான்காரன் வாசல்வரை வந்து இவருடைய கன்னத்தைத் தட்டிச் சிரித்து அனுப்பியிருக்கிறான்.

அவ்வளவுதான். தெரு முழுக்கக் கதவைச் சாத்தியது. நானும் சாத்தினேன். தம்பியைப் பரணில் வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? காலையில் அவர் வந்து, "தங்கச்சி, ஒரே ஒரு தரம் பாரு, உள்ள ஏதோ தடிப்பா இருக்கு" என்று கூப்பிடுவார். நான் மூச்சுக் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருப்பேன். சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் கிழக்கே பார்த்து வாயைத் திறந்தபடி தனியாக நின்றுகொண்டிருப்பார், பார்க்க ஆளில்லாமல்.

ஒரு நாள் முன்பகலில் லாரி வந்து நின்றது. பிரிக்சா! சோதனை என்பதற்கு மலாய்ச் சொல் அது. எல்லோரையும் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு சிப்பாய்கள், கூடவே அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி ஒருவன். அவன் நேரே ஆக்காட்டியிடம் போனான்.

"தெருமுனையில கடை வச்சிருக்கே. உனக்குத் தெரியாம ஒருத்தன் வர முடியாது. தோட்டத்துல இருந்து ஓடி வந்தவன் எந்த வீடு? ஆளைக் காட்டு!"

ஆக்காட்டி தெருவை ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை நாள் தனக்குச் சாத்திய கதவுகளை எல்லாம் பார்த்தார். என்னையும் பார்த்தார். போச்சு, பழி தீர்க்கப் போகிறார் என்று கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

"வாயைத் திறடா!" என்று துபாஷி கத்தினான்.

திறந்தார். கிழக்கே முகத்தைத் திருப்பி, விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, "ஆ..." என்று அகலமாகத் திறந்து காட்டினார். "அந்தத் தையல் பக்கம் பாருங்க தொரை, தடிப்பா இருக்கா?"

துபாஷி விழித்தான். ஒரு சிப்பாய் கையிலிருந்த டார்ச்சை அடித்து உள்ளே பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினான். மறுபடி "ஆளைக் காட்டு!" என்றான் துபாஷி. மறுபடி "ஆ..." என்றார் இவர். இன்னொரு சிப்பாய் சிரித்துவிட்டான். துபாஷிக்கு மானம் போயிற்று. தழும்புள்ள கன்னத்திலேயே ஓங்கி ஓர் அறை விட்டான். விழுந்தார். எழுந்தார். எழுந்து மறுபடியும் ஆ காட்டினார்!

பைத்தியம் என்று முடிவு கட்டி லாரியில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஓடிப்போய் அவரைத் தாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தோம். வாயோரம் ரத்தம். நான் அழுதுவிட்டேன். "அந்த நேரத்துல எதுக்கண்ணே அப்படிச் செஞ்சீங்க?"

"டார்ச் லைட்டு வச்சிருந்தான் தங்கச்சி. இந்தக் காலத்துல பேட்டரி கெடைக்குமா? விடலாமா?"

"அப்ப அன்னிக்கு பங்களாவுக்கு எதுக்குப் போனீங்க?"

"அங்க ஜப்பான் டாக்டர் இருக்கான்னாங்க. காட்டுனேன். பாத்துட்டு ஏதோ சோப்பு சோப்புன்னான். சோப்பு போட்டு வாயைக் கழுவணுமாக்கும்! சோப்புக்கு நான் எங்க போறது?"

துறைமுகத்தில் ஜப்பான்காரனிடம் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "டைஜோபுன்னு சொல்லியிருப்பான்ணே. எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்." ஆக்காட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு எப்படிடா அவன் பாஷை தெரியும்?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

பிறகு பரணை நிமிர்ந்து பார்த்தார். "மேல இருக்கிறவனை எறங்கி வரச் சொல்லு. நீயும் உன் புருசனும் வெத்தலையே போடமாட்டீங்க, கதவைச் சாத்துற வரைக்கும் தெனம் வாங்கிட்டுப் போனே. அவன் வாயையும் நான் பாக்கணும். ரொம்பப் போடுறான்."

தம்பி இறங்கி வந்தான். அவர் காலடியில் உட்கார்ந்து, "அண்ணே, ஆ காட்டுங்க" என்றான். மறுநாள் காலையில் தெருவில் எல்லாக் கதவும் திறந்திருந்தது.

சண்டை முடிந்து பெரிய ஆஸ்பத்திரி பழையபடி நடக்கத் தொடங்கியதும் அவரை நான்தான் அழைத்துப் போனேன். புது டாக்டர். நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, சுத்தமாக ஆறியிருக்கிறது என்றார். இத்தனை வருஷமாக யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார்.

"எங்க தெருகிட்ட" என்றார் ஆக்காட்டி.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து வெயிலுக்கு இழுத்தார். "இவன் ரொம்பச் சின்னப் பையனா இருக்கான் தங்கச்சி. எனக்கு நம்பிக்கை இல்லே. நீ ஒரு தரம் பாரு." கிழக்கே திரும்பி ஆ காட்டினார்.

பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்து போயிருந்தது. படையும் தெரியவில்லை, தையலும் தெரியவில்லை.

"ஒன்னுமே தெரியலண்ணே" என்றேன்.

அந்த மனிதர் என்னை நம்பியது அந்த ஒரு தடவைதான்.