பேய் அண்ணை தொங்கவிட்ட பூசணி

மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது மூன்றடி உயரச் சூனியக்காரி ஒருத்தி. தலையில் கூம்புத் தொப்பி, கையில் குட்டித் தும்புத்தடி. என் எதிர்வீட்டுப் படலையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு நீத்துப்பூசணி கயிற்றில் தொங்கியது. பிதுங்கிய கண், கோரைப்பல், வெளியே தள்ளிய நாக்கு. குங்குமம் தாராளம்.

"நொட் திஸ் ஹவுஸ், அம்மா."

"ஓம், வா பிள்ளை. அது கண்ணூறுக்குக் கட்டினது. ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ எண்டு அர்த்தம்."

இருவரும் நடந்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் நிறையச் சொக்லேட்டோடு பேய் அண்ணை காத்திருந்தார்.

ஹலோவீனைப் பற்றி லண்டனில் ஒருவருக்கும் தெரியாததெல்லாம் தெரிந்த மனிதர் அவர். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அது லண்டனில் எல்லாருக்கும் தெரியும். வாசலில் விளக்கேற்றிய பூசணி இருந்தால் வேடமிட்ட பிள்ளைகள் சொக்லேட் கேட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம், இல்லாவிட்டால் தட்டக்கூடாது. எங்கள் செவன் கிங்ஸ் வீதியின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு ஒக்டோபரும் இதை நினைவூட்டுவார்கள். பேய் அண்ணை குழுவில் இல்லை.

அவர் ஒரு நூலகத்தில் காவலாளியாக இருந்தவர். அவருடைய கதிரை பேய், பில்லி, சூனியப் புத்தகங்கள் இருந்த அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்தது. பதினொரு வருடம். இரண்டு அலுமாரி தள்ளிப் போட்டிருந்தால் எங்கள் வீதிக்கு நல்ல சமையல்காரர் ஒருவர் கிடைத்திருப்பார்.

பஸ் நிறுத்தத்தில் அகப்பட்டவர்களுக்கு விரிவுரை நிச்சயம்.

"இது அமெரிக்கன்ர எண்டு நினைக்கிறியளோ? இஞ்சத்தைப் பழைய சனத்தின்ர நாள். அறுவடை முடிஞ்சு, மாடு கண்டு மேய்ச்சலால திரும்பி, குளிர் துவங்கிற நாள். அண்டைக்குச் செத்தவை வீடு தேடி வருவினம். அவைக்குச் சாப்பாடு வைக்கிறது. கூடாததுகளும் பின்னால வரும். அதுகளை வெருட்டத்தான் நெருப்பு, முகமூடி, டேர்னிப் கிழங்கில வெட்டின முகம். பூசணி பிறகு கடல் கடந்து வந்தது, எங்களைப்போல."

"அண்ணை, பஸ் போட்டுது."

"போகட்டும். இன்னும் சூனியக்காரியளுக்கு வரேல்லை நான்."

சூனியக்காரிகள் என்றால் மட்டும் குரல் இறங்கும். "இங்கிலாந்தில அவையை எரிக்கேல்லைத் தம்பி, தூக்கில போட்டவை. கனபேர் செய்த குற்றம் என்ன தெரியுமோ? தனிய இருந்தது. தனிய இருந்தாக் காணும், ஊர் கதை கட்டும்."

அவரும் தனியேதான் இருந்தார். அவருடைய குசினி யன்னலில் மண்டையோடு இருப்பதாக எங்கள் வீதி கதை கட்டியிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். உரித்த தேங்காய்.

அந்த நீத்துப்பூசணி தொங்கியது முதல் வருடம். மறுநாள் காலை கிண்ணத்தோடு என் வாசலுக்கு வந்தார். "ஒருத்தரும் வரேல்லைத் தம்பி. ஏனாயிருக்கும்?"

"மழை, அண்ணை," என்றேன். முதல் நாள் மழை பெய்யவில்லை.

இரண்டாம் வருடம், பழைய முறைதான் சரி என்று டேர்னிப் தேடிப் போனார். தமிழ்க்கடைக்காரர் அதற்குப் பதிலாக ஓர் உருண்டை நோக்கோலை நீட்டினார். "இதுவும் அதுவும் சொந்தக்காரர்தான் அண்ணை. மிஞ்சினாக் கறி வைக்கலாம்." குடைந்ததில் ஒரு கத்தி முறிந்தது, ஒரு விரல் வெட்டுப்பட்டது. வந்த முகம் அவருடைய பழைய மேலாளரை உரித்து வைத்திருந்தது. மெழுகுதிரி உள்ளே கொள்ளவில்லை. இருட்டில் மேலாளர் யார் கண்ணிலும் படவில்லை.

மூன்றாம் வருடம் வைக்கோலில் முகமூடி கட்டி அணிந்துகொண்டு, காலடிச் சத்தம் கேட்டதும் தானே கதவைத் திறந்தார். வந்தவன் பார்சல்காரன். பார்சலை எறிந்துவிட்டுப் படலையைத் தாண்டி ஓடினான். உள்ளே இருந்தது இன்னும் இரண்டு பெட்டி சொக்லேட்.

இவ்வளவையும் அந்த வருடம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதினேன். நோக்கோல், பார்சல், தேங்காய். நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள். வாசல் விளக்கைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அவருக்குச் சொல்லவும் இல்லை. சொன்னால் அடுத்த வருடம் எழுத ஒன்றும் இருக்காது.

அடுத்த செப்ரெம்பரில் வீட்டுக்காரர் வீட்டை விற்றார். பேய் அண்ணை லண்டனின் மறுபக்கம், சட்டனில் ஒரு பிளாட்டுக்குப் போவதாகச் சொல்லி, கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"இது இனி உமக்குத்தான் உதவும். உம்மட வாசலுக்கு மட்டும் எப்பிடித் தம்பி பிள்ளையள் வருகுதுகள்?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அப்ப மூண்டு வருசமா வெளியில 'போ, போ' எண்டு எழுதி வைச்சிட்டு, உள்ளுக்கு 'வாங்கோ, வாங்கோ' எண்டு இருந்திருக்கிறன்."

"ஓம், அண்ணை."

"உமக்கு முதல் வருசமே தெரியுமோ?"

"ஓம்."

"பேப்பரில எழுதேக்கையும்?"

"ஓம்."

தலையை ஆட்டினார். "நல்லாத்தான் எழுதியிருந்தீர்," என்றார்.

அவருடைய சட்டன் பிளாட் நாலாம் மாடியில் இருக்கிறது. கீழ்க்கதவு பூட்டியே இருக்கும். தெருவில் போகும் பிள்ளைகள் உள்ளே வர ஏலாது. கதவைத் திறக்க ஓர் எண்ணை அழுத்த வேண்டும். போய்ப் போய் அந்த எண் எனக்கு மனப்பாடம்.