பச்சைக் கேட்டு வாசலில் நிற்கும் வண்டி

வண்டி மறுபடியும் அந்தப் பச்சைக் கேட்டுக்கு முன்னால்தான் நின்றது.

முக்கியது, முனகியது, ஒரு தடவை இருமியது, அடங்கிவிட்டது. பின்னால் சாக்குக்கும் மரத்தூளுக்கும் அடியில் ஐஸ் பாளங்கள் சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டிருந்தன. ஐஸ்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

"உனக்கு நிக்க வேற இடமே கிடைக்கலையா?"

பதிலுக்குப் பக்கத்து இருக்கைக் கதவு 'க்ளிக்' என்று தானாகத் திறந்துகொண்டது. தினமும் இதே கூத்துதான். வளைவு வரும், வேகத்தடை வரும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், எஞ்சின் அணையும், கதவு திறக்கும். சில்லென்று ஒரு காற்று அவர் முழங்கையை உரசிக்கொண்டு வெளியே போகும். ஐஸ் வண்டியில் சில்லென்று இல்லாமல் வெதுவெதுவென்றா இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

கேட்டைத் திறந்துகொண்டு, மூக்குக்கண்ணாடி போட்ட அந்த வீட்டு அம்மாள் வந்து நின்றார். இந்த வண்டியை ஐஸ்காரர் வாங்கியதே இவரிடம்தான். இவருடைய வீட்டுக்காரர் இதே வண்டியில் இதே ஐஸை ஏற்றிக்கொண்டு காலமெல்லாம் ஓடியவர். ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மாள் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாத்தினார்.

"சரி தம்பி, நீங்க கிளம்புங்க."

ஐஸ்காரர் சாவியைத் திருப்பினார். வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் உறுமியது. ஐஸ்காரருக்கு மானம் போயிற்று. வாங்கின வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்றுதானே அந்த அம்மாள் நினைப்பார்?

மீன் மார்க்கெட்டில் மச்சான் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"மாப்ள, நான் ஐஸ்தானே கேட்டேன்? தண்ணி என்கிட்டயே இருக்கு."

"வண்டி வழியில நின்னுடுச்சு மச்சான்."

"தினமும் நிக்குது. என் தங்கச்சி சொன்னாளேன்னுதான் இந்த வேலைய உங்களுக்குக் கொடுத்தேன். இன்னொரு தரம் இப்படி வந்தா வேற ஆளப் பார்த்துக்கறேன். அப்புறம் அவ முகத்துல நீங்கதான் முழிக்கணும்."

அதுதான் விஷயமே. 'அவர் சிகரெட்டையும் விட்டாச்சு, சோம்பலையும் விட்டாச்சு, நான் பொறுப்பு' என்று அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள் அவர் மனைவி. அந்த வாக்கு பொய்யாகிவிட்டால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். போவேன் என்று சொல்லியும் வைத்திருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அன்று சாயங்காலமே ஐஸ்காரர் கார்புரேட்டரைக் கழற்றி, சமையலறைத் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டார். மனைவியின் தையல் ஊசியால் பெட்ரோல் துளையைக் குத்தினார். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தார்.

"அது என்னோட பிரஷ்ஷுங்க!"

"புதுசு வாங்கித் தரேன், கத்தாதே."

கத்தலில் கை உதற, ஒரு குட்டி ஸ்பிரிங் துள்ளிப் பறந்து எங்கோ போய் ஒளிந்துகொண்டது. பேனா ஸ்பிரிங் ஒன்றை வைத்து ஒப்பேற்றினார். மறுநாள் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டே போய், பச்சைக் கேட்டு வாசலில் வழக்கத்தைவிட நீளமாக நின்றது. அம்மாள் அன்று முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

வேகத்தைக் கூட்டுகிற திருகாணியை இறுக்கிப் பார்த்தார். வண்டி நின்ற இடத்திலேயே சாமி வந்ததுபோல் ஆடியது. தெருவே ஜன்னலைச் சாத்தியது. அப்படியும் அந்த வாசலில் போய் அணைந்தது.

கடைசியில் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் எஞ்சின் சத்தத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு கார்புரேட்டரைக் கையில் எடுத்து, குறுக்கே போகிற தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். விழப்போகிற பல் மாதிரி அது ஆடியது.

"தேய்ஞ்சு போச்சுண்ணே. இந்தச் சந்து வழியா காத்தை இழுக்குது. காலை எடுத்தா அணையத்தான் செய்யும்."

"அதெப்படி தினமும் ஒரே வாசல்ல அணையுது?"

"அங்க வேகத்தடை இருக்குல்ல?"

"மார்க்கெட் போற வரைக்கும் வேகத்தடைதான். வேற எங்கயும் நிக்கலையே?"

மெக்கானிக் மூடின கண்ணைத் திறந்தான். கைகளைத் துணியில் மெதுவாகத் துடைத்தான்.

"அதை கார்புரேட்டர்கிட்டதாண்ணே கேக்கணும்" என்றான்.

புதுசு மாட்டினான். சந்தை அடைக்கிற பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புது கேஸ்கெட் வைத்து, நட்டுகளைப் பதமாக முடுக்கி, ஓடவிட்டான். எஞ்சின் பூனை மாதிரி அமைதியாக ஓடியது. ஐஸ்காரர் அதோடு விட்டாரா? தானாகத் திறக்கிற பக்கத்துக் கதவையும் ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். இனி ஒரு தொல்லையும் இல்லை.

மறுநாள் காலையில் ஃபாக்டரியில் ஐஸ் ஏற்றிக் கிளம்பும்போது பக்கத்து இருக்கை வழக்கம்போல் ஒருமுறை 'ஙொய்' என்று அமுங்கியது. வளைவு வந்தது. வேகத்தடை வந்தது. காலை எடுத்தார். வண்டி நிற்கவில்லை!

கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற அம்மாள் கையைத் தூக்கினார். ஐஸ்காரர் பெருமையாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார். கயிறு கட்டின கதவு மட்டும் ஏனோ அந்த இடத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பாளம் பாளமா வந்திருக்கே!" என்று மச்சான் முதுகில் தட்டினார்.

அன்று இரவு வீட்டில் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"சிகரெட் நாத்தம் அடிக்குது."

"பெட்ரோல் நாத்தமா இருக்கும். புது கார்புரேட்டர்."

"பெட்ரோலுக்கும் சிகரெட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அதோட, ஈரப் பேன்ட்டோட அந்தச் சாய்வு நாற்காலில உட்காராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஐஸ்காரர் அன்று சாய்வு நாற்காலிப் பக்கமே போகவில்லை. தொட்டுப் பார்த்தார். துணி நனைந்து, ஐஸ் பாளத்தைத் தொட்டதுபோல் ஜில்லிட்டது. ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. உட்கார்ந்துதான் இருப்போம், மறந்திருப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

காலையில் மனைவியின் முகம் உப்பியிருந்தது.

"ராத்திரி பூரா குறட்டை. அதுவும் ரெண்டு குரல்ல. ஒண்ணு இங்கேர்ந்து வருது, ஒண்ணு ஹால்லேர்ந்து வருது. எப்படிங்க அது?"

"வீடு சின்னது. எதிரொலிக்கும்."

"நேத்திக்கு முன்னாடி எதிரொலிக்கலையே?"

ஊற்றி வைத்த தேநீரைக் குடிக்கப் போனார். தம்ளர் காலியாக இருந்தது.

வண்டி மட்டும் ராஜா மாதிரி ஓடியது. பச்சைக் கேட்டு அம்மாள் இப்போது கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அதற்கடுத்த நாள் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்தார். கண்ணாடியில் பார்த்த ஐஸ்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"எவ்வளவு நல்ல மனசு! வண்டி நல்லா ஓடுதுன்னு அவங்களுக்குத்தான் எத்தனை சந்தோஷம்!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

பக்கத்து இருக்கையிலிருந்து யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. சீட் ஸ்பிரிங்காகத்தான் இருக்க வேண்டும். வேறு என்னவாக இருக்க முடியும் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தைரியம் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், ஒரு தட்டு நிறைய சிகரெட் சாம்பல்.

"நாற்காலிக்கு அடியில இருந்துச்சு. இதுவும் எதிரொலியா?"

"உன்மேல சத்தியமா நான் தொடலை!"

"அப்ப வீட்டுல வேற யார் இருக்கா? நீங்க விட்டுட்டீங்கன்னு எங்கண்ணன்கிட்ட நான் வாக்குக் கொடுத்தேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க. நான் போறேன்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் இழுக்க, மறு பக்கத்தை அவர் இழுக்க, வாசலில் யாரோ மெல்ல இருமினார்கள்.

பச்சைக் கேட்டு வீட்டு அம்மாள். வெயிலில் விசாரித்து விசாரித்து வந்திருந்தார். மூக்குக்கண்ணாடி வேர்வையில் நழுவியிருந்தது.

"வாங்கம்மா, வாங்க" என்று பெட்டியைக் காலால் தள்ளி மறைத்தார் ஐஸ்காரர். "வண்டி எப்படி ஓடுது பார்த்தீங்களா? புது கார்புரேட்டர் போட்டுட்டேன். இனிமே உங்க வாசல்ல நின்னு தொந்தரவே பண்ணாது."

அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஹாலில் இருந்த சாய்வு நாற்காலியைப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. ஆனாலும் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மாளைப் பார்த்ததும் சட்டென்று நின்றது. மனைவி பெட்டியை விட்டுவிட்டு ஐஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"புது கார்புரேட்டர் இருந்துட்டுப் போகட்டும் தம்பி, அந்தக் கயித்தை மட்டும் அவுத்துட்டு, எங்க வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க... வண்டி நின்னாத்தானே அவர் இறங்க முடியும்?"