‘நான் வாறன்’ அண்ணன்

பிள்ளைகளே, என்ன வேலை என்று தெரிவதற்கு முன்பே கையைத் தூக்குகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்களோடு மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறார். சண்டைக்குத் தப்பி, இலங்கையிலிருந்து படகில் வந்து, பக்கத்து அகதி முகாமில் இருப்பவர். மேஸ்திரி “ஒரு ஆளு வேணும்” என்று வாய் திறந்தால் போதும், “நான் வாறன்” என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

மகளிர் தினத்தன்று ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட ஒரு ஆள் குறைந்தது. ஓடினார். இரண்டாவதாக வந்து குங்குமச் சிமிழ் வாங்கினார். சர்ச் நாடகத்தில் சிலுவையில் தொங்க இன்னொரு கள்ளன் கிடைக்கவில்லை. இவர் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர். இருந்தும் போய்த் தொங்கினார். பல் மருத்துவ முகாமில் முதல் ஆளாகப் போக எல்லாரும் பயந்தபோது, வலிக்கிறது என்று பொய் சொல்லி நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மற்றவர்களுக்குப் பயம் தெளியட்டுமாம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மோட்டார் வயர் அறுந்து கரண்டோடு பாத்தித் தண்ணீரில் விழுந்தது. லைன்மேனைக் கூட்டி வரத்தான் மேஸ்திரி ஆள் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இவர் வயரை நோக்கி நடந்துவிட்டார். பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். பாதிச் சட்டை கிழிந்து என் கையில் வந்தது. நல்லவேளை, ஆளும் கூடவே வந்தார்.

மேஸ்திரி ஓடி வந்தார். “ஏம்பா, சாவுறதுக்குக் கூடவா முந்திக்குவ?”

வரப்பில் உட்கார்ந்து அவர் சொன்னார்: “சண்டை நேரம் வீட்டுக்கு ஒராள் இயக்கத்துக்கு வரோணும் எண்டு சொன்னவங்கள். தங்கச்சிக்குப் பதினேழு. அவளைப் பிடிக்க முதல் நானாப் போய்ப் பேரைக் குடுத்தன். ஏழு மாசம் கழிய அவளையும் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்.”

அவர் காலில் குண்டுச் சில்லோடு திரும்பினார். தங்கச்சி திரும்பவில்லை. பெரியவர்கள் கொடுக்கிற வாக்கு சில நேரம் இப்படித்தான், பிள்ளைகளே.

“அப்புறமும் எதுக்குப்பா முந்திக்கினு போற? நீ போனா மத்தவங்கள உட்ருவாங்கன்னா?”

“விடமாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும், மேஸ்திரி. கைக்குத் தெரியாது.”

யாரும் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் மேஸ்திரி ஒரு ஆள் வேண்டும் என்று கேட்பதே இல்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஆபத்தான வேலை என்றால் மட்டும், ‘நான் வாறன்’ அண்ணனின் பெயர் அவருக்கு ஞாபகம் வருவதில்லை.