அக்கா கல்யாணத்தில் வராத லாகின்

ஒரு குடும்பத்தில் எவனாவது ஒருத்தன் கம்ப்யூட்டரைத் திறந்து மூடத் தெரிந்தவன் என்று பேர் வாங்கிவிட்டால் அவன் கதை முடிந்தது. அதற்கப்புறம் டி.வி. ரிமோட், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், பெரியப்பாவின் காது மிஷின் எல்லாமே அவன் இலாகாதான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பாவி நான். (காது மிஷினை ஒரே ஒரு முறைதான் தொட்டேன். அதற்குப் பிறகு பெரியப்பா என் எதிரில் அதைக் கழற்றுவதே இல்லை.)

அப்போது விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் எனக்கு வேலை. வருகிற பெட்டியைத் திறந்து தூசி தட்டிவிட்டு, மூக்கைச் சுளித்து, "மதர்போர்டுல பிரச்சினை சார்" என்று சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பெட்டிகள் தூசி தட்டினாலே ஓடிவிடும். ஆனால் யாராவது கேட்டால் "சிஸ்டம் இன்ஜினியர்" என்பேன். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் அந்த இரண்டு வார்த்தைக்கு ஊரில் நல்ல மரியாதை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரோஸி அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு திண்டிவனம். அங்கே கோயிலில் திருமணப் பூசை, பக்கத்து மண்டபத்தில் சாயங்காலம் ரிசப்ஷன். எல்லாம் கூடி வந்தது, அப்பா மட்டும் வரவில்லை. அவர் வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு கொடுக்கிறேன் என்று சொன்ன கம்பெனிக்காரன் கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டான். பாஸ்போர்ட்டோ அவன் பீரோவில் இருந்தது.

போனில் அப்பா அழவில்லை. "நெத்தியில சிலுவ போட்டு அனுப்பக்கூட எனக்குக் குடுத்து வெக்கல பாரு" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீடுகளில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அப்பா தன் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுத்தான் அனுப்புவார். ஆயிரம் பேர் ஆசீர்வாதம் பண்ணினாலும் அது இல்லாவிட்டால் குறைதான். அன்று முழுக்க அக்கா அழுதுகொண்டே இருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மார்பைத் தட்டிக்கொண்டு, "எதுக்கு அழுவறீங்க? நான் இருக்கேன் இல்ல? வீடியோ கால் போட்டு அப்பாவ மண்டபத்துல பெரிய திரையிலயே காட்டறேன். அங்க இருந்தே சிலுவ போடட்டும்" என்றேன். அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அடித்துத்தான் எனக்குப் பழக்கம்.

முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. மண்டபத்தின் நடுவில் வாடகைப் புரொஜெக்டர். அதன் பக்கத்தில் என்னுடைய பழைய லேப்டாப். மேடையில் வெள்ளைத் திரை. எல்லாம் பிரமாதமாக ஓடியது. பெரிய திரையில்தான் எல்லாம் தெரிகிறதே, இந்தச் சின்னத் திரை எதற்கு வீணாய் எரிய வேண்டும், பேட்டரியாவது மிஞ்சட்டும் என்று இரண்டு பட்டனை அழுத்தி, 'படம் புரொஜெக்டரில் மட்டும்' என்று மாற்றி வைத்தேன். அப்புறம் மூடி எடுத்துக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போனேன். மாற்றி வைத்த விஷயம் பிரியாணியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் போனால், நான் உட்கார்ந்த இடத்தில் டெக்கரேஷன்காரர் பூ வளைவு நட்டிருந்தார். "தம்பி, நீங்க பின்னாடி ரூமுக்குப் போயிடுங்க. நீளமா ஒயர் இருக்குது, இழுத்துக்கலாம்" என்றார். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பக்கத்திலேயே ஜெனரேட்டர். கதவைச் சாத்தினால்தான் காது தப்பும். சாத்திக்கொண்டு ஒயரை மாட்டி, லேப்டாப்பைப் போட்டேன்.

கம்பெனி பேர் வந்தது. வட்டம் சுற்றியது. அப்புறம் திரை கறுப்பாகிவிட்டது. லாகின் வரவில்லை.

சரி, கிழட்டு மிஷின், கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எந்தப் பட்டனையாவது தட்டினால் முழித்துக்கொள்ளும் என்று தட்டினேன். என்டரை நாலு குத்து குத்தினேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் ஒரே சிரிப்பு. மைக்கில் மாப்பிள்ளையின் நண்பர் யாரோ ஜோக் அடிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். (எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.)

பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன். பேட்டரியைக் கழற்றி, ஊதி, மாட்டினேன். மறுபடியும் கம்பெனி பேர், வட்டம், கறுப்பு. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் மண்டபத்தில் சிரிப்பு, இந்த முறை விசிலோடு. செல்போன் அடித்தது. அப்பா.

"ரெடியாடா? நல்ல சட்ட போட்டுக்கினு பிரவுசிங் சென்டர்ல வந்து குந்தினு இருக்கேன். இன்னும் அரை மணியில வண்டி எடுக்கணும்டா."

"அஞ்சே நிமிஷம்பா. லாகின் மட்டும் வரல."

"அது யாருடா? வர்லன்னா போன் பண்ணிக் கூப்புடு."

போனை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். இது நடக்காவிட்டால் ஆயுசுக்கும் அவள் முகத்தில் முழிக்க முடியாது. அப்போது சமையல்கட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தாள். அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. பந்தி வேலையில் இருந்ததால் அவளும் மண்டபத்துப் பக்கம் போயிருக்கவில்லை.

"இன்னாடா பேஜாரு? எங்க அண்ணன் எங்க?"

"திரை வரல அத்த."

அத்தை ஒரு நொடி லேப்டாப்பை முறைத்துப் பார்த்தாள். போனாள். கோயில் தீர்த்தத்தோடு திரும்பி வந்தாள். நான் தடுப்பதற்குள் மூன்று துளி விழுந்துவிட்டது. "மாதாவே, இதுல இருக்கிற கெட்டது வெளிய போகட்டும்" என்றாள். நான் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். துடைத்ததில் இன்னும் நாலு பட்டன் அமுங்கின. மண்டபத்தில் ஜனங்கள் கைதட்டினார்கள்.

அடுத்து மண்டபத்துப் பக்கத்துக் கதவு திறந்தது. நின்றது பிலோமினா.

பிலோமினாவை யார் என்று சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பெண். அக்கா கல்யாணப் பூசைக்குப் பாட வந்திருந்தாள். மூன்று வருஷமாக நான் பூசைக்கு முன்னாடியே போய் இடம் பிடிப்பதற்கு அவள்தான் காரணம். அவளிடம் நான் பேசிய மொத்தப் பேச்சு, "கரண்டு வந்துடுச்சா?" நான் பனியனோடு நிற்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போதும், தட்டாதீங்க" என்றாள். "நீங்க தட்றதெல்லாம் அங்க பெரிய திரையில தெரிஞ்சிக்கினு இருக்குது."

"என்னா தெரியுது?"

"கூலிங் கிளாஸ் போட்ட உங்க போட்டோ. கீழ 'ஆரோக்கி தி கிங்'னு பேரு. அதுக்குக் கீழ ஹின்ட்டு."

கம்ப்யூட்டரில் முதலில் பாஸ்வேர்டு வைக்கும்போது, மறந்துபோனால் ஞாபகப்படுத்த ஒரு குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்கும். பாஸ்வேர்டு தப்பாகும்போது அது அதைக் காட்டும். நான் தட்டிய ஒவ்வொரு என்டரும் ஒரு தப்பான பாஸ்வேர்டு. அந்தக் குறிப்பில் நான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தது: 'கொயர்ல கீபோர்டு வாசிக்கிற பொண்ணு பேரு.' அது எனக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள ரகசியம் என்று நினைத்திருந்தேன். சிஸ்டம் இன்ஜினியர் இல்லையா!

"எல்லாரும் படிச்சிட்டாங்களா?"

"எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. எங்க அப்பா ரெண்டு வாட்டி படிச்சாரு."

பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று பார்த்தேன். திண்டிவனத்தில் தரை ரொம்பக் கெட்டி. அவளோ முந்தானையைச் செருகிக்கொண்டு லேப்டாப் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜல்தி. உங்க அப்பா காத்துக்கினு இருக்காராம், அக்கா அங்க அழுவறாங்க. என் பேருதானே? போடறேன்." தட்டி என்டரை அழுத்தினாள். மண்டபத்திலிருந்து ஒரு கூட்டுக் குரல் வந்தது: "தப்பூ!"

"பேரு மட்டும் இல்லீங்க" என்றேன்.

"பின்ன?"

"பின்னாடி என் பேரு."

மறுபடியும் தட்டினாள். மண்டபம்: "தப்பூ!"

"நடுவுல ஏதாச்சும் இருக்குதா?"

"கூட்டல் குறி."

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தட்டினாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. உள்ளே போய்விட்டோம். அந்தக் கைதட்டலில்தான் முந்தின நாள் அழுத்திய இரண்டு பட்டனும் எனக்கு ஞாபகம் வந்தது. அதையே அழுத்தினேன். கறுப்புத் திரை பளிச்சென்று முழித்துக்கொண்டது. அத்தை தீர்த்த பாட்டிலை உயர்த்திக் காட்டி, "பாத்தியா?" என்றாள்.

கால் போட்டேன். அப்பா எடுத்துவிட்டார். ஆனால் கேமரா லேப்டாப்பில் அல்லவா இருக்கிறது? அக்கா மேடையில் இருக்கிறாள். நான் ஒயரைத் தூக்கிப் பிடிக்க, பிலோமினா லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு மேடைக்கு நடந்தாள். பின்னால் பனியனோடு நான். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு விசில் கிடைத்திருக்காது. பெரிய திரையில் அப்பா குழம்பிப்போய், "யாரும்மா நீ? ரோஸி எங்க?" என்றார்.

அத்தை மேடைக்குக் கீழேயிருந்து கத்தினாள். யாரிடம் எப்போது விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ தெரியாது. "அதான்ணே பாஸ்வேர்டு!"

சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பினோம். அப்பா அவளைப் பார்த்தார். அக்கா எழுந்து, திரைக்கு முன்னால் போய் நின்றாள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அப்பா கட்டைவிரலைக் கேமராவிடம் கொண்டுவந்து மெதுவாகச் சிலுவை போட்டார். அந்தப் பெரிய விரல் வெளிச்சமாக வந்து அக்காவின் நெற்றி மேலேயே போனது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். அப்பா அப்போதுதான் அழுதார். எனக்கு அந்த நிமிஷத்தில் மானம் போனதெல்லாம் மறந்துவிட்டது. கடவுளே, இது போதும் என்று நின்றேன்.

போதும் என்று கடவுள் நினைக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து மேடையேறினார். பிலோமினாவின் அப்பா, ரயில்வே கார்டு சவரிமுத்து. ரயிலுக்கே கொடி காட்டி நிறுத்துகிற மனுஷர். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கேமரா முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, கை கூப்பினார்.

"வணக்கம்ங்க. நான் பாஸ்வேர்டோட அப்பா."

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். நெட் போய்விட்டது. ரிசப்ஷன் முடியும்வரை அப்பா அந்தத் திரையில் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றார். அவருக்குக் கீழேதான் எல்லோரும் வரிசையாக நின்று மொய்க் கவர் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்யாண ஆல்பத்தில் இன்றும் அப்பா எல்லாப் படத்திலும் இருக்கிறார்.

சவரிமுத்து ஐயா என்னை அடித்திருக்கலாம். அவருக்கு அதற்கு முழு உரிமை இருந்தது. பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மொதல்ல ஒரு சட்டையப் போடு. அப்புறம் ஒரு நல்ல வேலையப் பாரு. அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷனுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. சட்டையை உடனே போட்டேன். வேலைக்குத்தான் கொஞ்ச காலம் பிடித்தது.

எங்கள் கல்யாணத்துக்கு அப்பா வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். கோயில் வாசலில் அவர் நிஜக் கட்டைவிரலால் பிலோமினாவின் நெற்றியில் சிலுவை போட்டு, "அன்னிக்கு என் பொண்ணப் பாக்கணும்னு துடிச்சிக்கினு குந்தினு இருந்தேன். மொதல்ல உன் மூஞ்சிதாம்மா தெரிஞ்சிது" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அவளுக்கு இன்றுவரை பாஸ்வேர்டு என்றுதான் பேர். புதிதாக யார் வந்தாலும் அப்பா உட்கார வைத்து ஆரம்பிப்பார்: "எல்லாரும் புரோக்கர் வெச்சிப் பொண்ணு தேடுவாங்க. என் பையன் திரை கட்டித் தேடனான்." உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"அவரு எங்க தேடனாரு மாமா? இருட்டுல குந்திக்கினு தட்டிக்கினே இருந்தாரு. நான்தான் போய்த் தெறந்தேன்."