எருமைக்கு அரித்தால் சோளம் கொட்டும்

ஒரு காட்டில் சோளம் நிறைய இருந்தது. ஆனால் எல்லோரும் பட்டினி கிடந்தார்கள்.

பஞ்ச காலத்துக்கென்று சேர்த்த சோளம் அது. பனைமர உயரத் தகரக் குதிரில் கொட்டி, அடியில் ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். திறந்தால் தானாக விழ வேண்டும். முதலில் விழுந்தது. பிறகு நின்றுவிட்டது. துவாரத்துக்கு நேர் மேலே சோள மணிகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து, வளைவு மாதிரி இறுகிக்கொண்டன.

டோக்கனோடு வரிசையில் நின்ற முயல் செங்கமலம், "குட்டிங்க புல்லு வேரைச் சப்பிக்கிட்டு கெடக்குதுங்க ஐயா. எப்ப விழும்?" என்று கேட்டாள்.

குதிர் அதிகாரியான யானை திருவேங்கடம் மைக்கைப் பிடித்தார். "பொறுமை! மேலிருந்து அழுத்தம் கொடுக்க உத்தரவு போட்டிருக்கிறேன்."

குரங்குகள் உச்சிக்கு ஏறிச் சோளத்தை மிதித்தன. பாறாங்கல்லும் வைத்தன. பாரமெல்லாம் பக்கத் தகரத்தின் மேல் சாய்ந்ததே தவிர, துவாரம் வரை வந்து சேரவில்லை.

"அழுத்தம் பாதி வழியிலேயே நின்னுடுதுங்களே?" என்றாள் செங்கமலம்.

"மேலிடத்து அழுத்தம் என்றால் அப்படித்தான் இருக்கும்," என்றார் திருவேங்கடம் பெருமையாக.

அந்த வழியே வந்தான் எருமை பொன்னுரங்கம். உடம்பெல்லாம் உண்ணி. அரிப்பு தாங்காமல் குதிரில் முதுகைத் தேய்த்தான். தகரம் கடகடவென்று ஆடியது. உள்ளே மணிகளின் பிடி நழுவியது. சோளம் தண்ணீராகக் கொட்டியது.

யானை அங்கேயே அவனுக்கு மாலை போட்டு, 'பாய்வு நிபுணர்' என்று பதவி கொடுத்தார். மணிகள் மறுபடி மறுபடி இறுகிக்கொள்ள, தினமும் அவன் தேய்த்தான், சோளம் விழுந்தது, முயல் குட்டிகள் கொழுத்தன. பொன்னுரங்கத்தின் முதுகு மட்டும் புண்ணாகிப் போனது. ராத்திரியெல்லாம் முனகினான்.

அதைக் கேட்டு மனசு பொறுக்காத மைனா தேனம்மை, அவன் மேலிருந்த உண்ணிகளை ஒன்று விடாமல் கொத்தித் தின்றாள். வெகுநாளைக்குப் பிறகு பொன்னுரங்கம் நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்ததும் டோக்கனோடு வரிசை கூடிவிட்டது. "தேயுங்க நிபுணரே!"

"எதுக்கு? அரிக்கலையே."

கெஞ்சினார்கள். மரியாதைக்கு லேசாகத் தேய்த்தான். ஒரு மணிகூட விழவில்லை.

"ஐயா, நீங்களே ஒரு தடவை ஆட்டிப் பாருங்களேன்," என்றாள் செங்கமலம்.

யானை பதறினார். "நானா? அது நிபுணர் வேலை, அம்மா. அதிகாரி குதிரில் கை வைக்கக் கூடாது."

"அரிப்பு எப்படிப் போச்சு?" என்று விசாரித்தார்கள். தேனம்மை சிறகை விரித்து முன்னால் வந்தாள். "நான்தான் போக்கினேன்!" பாராட்டுக்காகக் காத்து நின்றாள்.

காடே அவளை முறைத்தது. "பாவி! ஒருத்தனைச் சொகமாத் தூங்க வெச்சுட்டு எங்களைப் பட்டினி போட்டுட்டியே!" என்று அழுதாள் செங்கமலம்.

யானை தீர்ப்புச் சொன்னார். காட்டிலுள்ள உண்ணிகளையெல்லாம் தேனம்மையே பொறுக்கி வந்து, எருமை முதுகில் திரும்ப விட வேண்டும். முதல் ஆளாகச் செங்கமலம் தன் காதை நீட்டி, இருந்த உண்ணிகளை நன்கொடையாகக் கொடுத்தாள்.

தேனம்மை விசும்பிக்கொண்டே அவற்றைப் பொன்னுரங்கத்தின் முதுகில் விட்டாள். அவன் நெளிந்தான். திமிறினான். ஓடிப்போய்க் குதிரில் மோதித் தேய்த்தான். சோளம் கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நீதி: அடுத்தவனின் அரிப்பைத் தீர்க்கப் போகும் முன், ஊர்ச் சாப்பாடு அதிலிருந்துதான் விழுகிறதா என்று விசாரித்துக்கொள்.