உள்ளாகுபவர் கையொப்பம்

"இங்க உங்க வீட்டம்மா கையெழுத்துப் போடணும் சார்" என்று வரவேற்பு மேஜைப் பெண் படிவத்தைத் திருப்பி நீட்டினாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவர். எதையும் எழுத்தெழுத்தாகப் படித்துத்தான் பழக்கம். 'மந்திரத்துக்கு உள்ளாகுபவரின் கையொப்பம்' என்று போட்டிருந்தது.

"அவளுக்குத் தெரியாம வைக்கத்தானேம்மா வந்திருக்கேன்? தெரிஞ்சு நடக்கற காரியம்னா நேர்லயே கெஞ்சியிருக்க மாட்டேனா?"

"அடுத்தவங்க மனசுக்குள்ள அவங்களைக் கேக்காம நுழையறது தப்பு சார். ஐயா அதுல ரொம்பக் கண்டிப்பு."

திரைக்குப் பின்னாலிருந்து மந்திரவாதி ஐயா ஆமோதித்து இருமினார். காலம் அப்படிக் கெட்டுக் கிடக்கிறது. மந்திரவாதிகளுக்கெல்லாம் மனசாட்சி வந்துவிட்டால் கணவன்மார்கள் எங்கே போவார்கள்?

அவர் கேட்டது பெரிய வசியம்கூட இல்லை. மனைவி எதற்கெடுத்தாலும் "வேண்டாங்க" என்பதை நிறுத்திவிட்டு "சரிங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பதே பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் அந்தக் காலை எடுப்பதில்லை. ஹாலுக்குக் கத்தரிப்பூ நிறம் அடிக்கலாம் என்று அவர் ஆசையாக ஆரம்பித்தபோது, வாக்கியம் முடிவதற்குள் மிதித்துவிட்டாள்.

அங்கேயே உட்கார்ந்து மற்றக் கட்டங்களை நிரப்பினார். உள்ளாகுபவரின் கைபேசி எண் கேட்டிருந்தது. 'விரும்பினால் மட்டும்' என்றும் இருந்தது. காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். மனைவியின் எண்ணை அழகாக எழுதி, இரண்டு முறை சரிபார்த்தார். போகிற போக்கில் படிவத்தில் விட்டுப்போயிருந்த ஓர் ஒற்றெழுத்தையும் சிவப்பில் சேர்த்துவிட்டார்.

அன்று மாலை இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவில் அதைச் செருகி நீட்டினார். மனைவி ஃபோனில் யாருக்கோ ரிவர்ஸ் எடுப்பது பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை படிவம் மேஜைப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.

மாலையில் வீடு திரும்பியவர், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சோதனை போட்டுப் பார்த்தார்.

"அந்தக் கத்தரிப்பூ நிறம்..."

"சரிங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வார இறுதிக்குள் பெயின்ட்காரர் வந்து அடித்துவிட்டுப் போனார். ஹால் அடிபட்ட முழங்கால் நிறத்தில் நின்றது.

"கொஞ்சம் கண்ணைக் குத்துதோ?" என்றார்.

"குத்துதுன்னா குத்துதுங்க. இல்லேன்னா இல்லீங்க."

மறுநாள் காரில் போகும்போது, குறுக்கு வழி என்று நினைத்து ஒரு தெருவில் திருப்பினார். எதிரே வந்த ஏழு வண்டிகளும் ஒரு போக்குவரத்துக் காவலரும் அது ஒருவழிப் பாதை என்று அவருக்குத் தெரிவித்தார்கள். பக்கத்தில் மனைவி மடியில் கைவைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியாதா இது ஒன்வேன்னு? தினம் நாலு பேருக்குச் சொல்லித்தரியே!"

"தெரியுங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"இந்தப் பக்கம் போலாமான்னீங்க. சரிங்கன்னேன்."

இதைச் சரிசெய்யாமல் விடக் கூடாது என்று, வீட்டுக்கு வந்ததும் கண்டிப்பாக ஓர் உத்தரவு போட்டார். "இனிமே உன் மனசுல என்ன தோணுதோ, அதைச் சொல்லணும்."

"சரிங்க. என்ன தோணணும்?"

அன்றிலிருந்து அவளுக்குத் தோன்ற வேண்டியதையும் அவரே யோசிக்க வேண்டியதாயிற்று. அலுவலகம் கிளம்புவதற்குள் எந்தப் புடவை, எந்தக் குழம்பு, பக்கத்து வீட்டுக்காரியிடம் எவ்வளவு நேரம் பேசலாம் என்று பன்னிரண்டு முடிவுகள். அச்சகத்துக்குப் போனால் எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. முதலாளி ஒரு பக்கத்தில் பதினோரு பிழையை வட்டமிட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ரோஷத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டார். வருஷத்துக்கு ஒன்று எழுதுவார். மனைவி பிடுங்கிக் கிழித்துவிடுவாள். கிழிபடும் தைரியத்தில்தான் எழுதுவதே.

"நாளைக்கு மூஞ்சியில விட்டெறியப் போறேன்" என்று நீட்டினார்.

"சரிங்க. கவர் எடுத்துத் தரட்டுமா?"

வேறு யாரும் கிழிக்க வராததால் தானே கிழித்தார். பதினாலு வருஷமாகத் தன்னைக் குழியில் விழாமல் காப்பாற்றியது எந்தக் கால் என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் வந்துவிட்டது.

"நான் உனக்கு மந்திரம் வச்சுட்டேன்மா" என்று உடைந்துபோய்ச் சொன்னார். "இன்ஷூரன்ஸ்னு ஏமாத்திக் கையெழுத்து வாங்கினேன். தப்புதான். மகா தப்பு."

"சரிங்க."

"கோவம் வரலியா உனக்கு?"

"வரணுமாங்க? எவ்வளவு வரணும்?"

இரவெல்லாம் தூங்காமல், காலையில் முதல் ஆளாக வரவேற்பு மேஜை முன்னால் போய் நின்றார்.

"மந்திரத்தை எடுத்துடும்மா. எனக்கு என் பொண்டாட்டி பழையபடி வேணும். அவ திட்டணும், வேண்டாங்கன்னு சொல்லணும். கேக்காம அவ மனசுக்குள்ள நுழைஞ்சேன், உள்ள போனா அவளையே காணோம்."

மேஜைப் பெண் அவருடைய படிவத்தைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஏதோ எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தாள். பிறகு அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"எடுக்கறதுக்கு நாங்க எதுவும் வைக்கவே இல்லையே சார், நம்பர் குடுத்திருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வைப்போம், அன்னிக்கே ஃபோன் பண்ணினப்ப உங்க வீட்டம்மா, 'உங்க ஐயாவுக்கு எதுக்குச் சிரமம், ஒரு மாசத்துக்கு நானே சரிங்க சொல்லிக்கறேன், அவர்கிட்ட மூச்சு விடாதீங்க'ன்னாங்க, இன்னும் பதினாறு நாள் இருக்கு."